பாதி நிரப்பிய சதுரம்: கேரட் தோட்டத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நீலகிரியில் பதினோரு ஆண்டுகளாக மனநல சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை. குடும்பக் கதையைக் கேட்டு எழுதுவது என் வேலை. இந்த நிகழ்வில் அந்த வேலையை முதல் தடவை நான் தப்பாகச் செய்தேன். அதனால் ஓர் இளைஞருக்குச் சரியான மருந்து கிடைக்க நான்கு மாதம் தள்ளிப்போனது. குடும்பத்தார் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது

வயது 27. கேத்தி பாலடா பக்கம் கேரட் அறுவடைக் குழுவில் மூட்டை தூக்குகிறவர். ஐப்பசி கடைசியில் அம்மாவும் அக்கா வீட்டுக்காரரும் கூட்டிவந்தார்கள். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தும் கை நடுங்கியது. அது குளிர் நடுக்கம் அல்ல. முந்தின நாள் மதியத்திலிருந்து அவர் குடிக்கவில்லை.

"குடியை மட்டும் நிறுத்திக் குடுத்துருங்கம்மா. வேற ஒரு குறையும் அவன்கிட்ட இல்ல" என்றார் அம்மா.

கேரட் வேலை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது முக்கியமாகிறது. அறுவடை பெரும்பாலும் நடுராத்திரியில் தொடங்கும். நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் பிடுங்கி, தழையை முறித்து, மூட்டை கட்டி, மெஷினில் கழுவி, விடிவதற்குள் லாரியில் ஏற்றினால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தில் போய்ச் சேரும். மார்கழி, தை மாதங்களில் புல்மேல் உறைபனி உப்பு கொட்டியதுபோல் கிடக்கும். அந்தக் குளிரில் ஈரச் சாக்கு முதுகில் ஏறும். குழுவில் பாதிப் பேர் குடித்துவிட்டுத்தான் தோட்டத்தில் இறங்குவார்கள். டாஸ்மாக் பத்து மணிக்குச் சாத்திவிடும் என்பதால் எட்டு மணிக்கே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள்.

இவருக்கு நாளைக்கு இரண்டு குவார்ட்டர். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கு என்றால் அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கும். இரண்டுக்கு 120 கிராம். பத்தொன்பது வயதில் 'கட்டிங்'கில் தொடங்கியது எட்டு வருடத்தில் இந்த இடத்துக்கு வந்திருந்தது.

இதற்கு முன் கீழ்நாட்டில் ஒரு குடிமீட்பு மையத்தில் இரண்டு முறை இருந்திருக்கிறார். முதல் தடவை வெளியே வந்து ஐந்து மாதம் குடிக்கவில்லை, அடுத்த தடவை மூன்று மாதம். இரண்டு முறையும் மாசி மாதத்தில்தான் மறுபடி குடித்தார். 'மன உறுதி போதாது' என்று அங்கே சொல்லி அனுப்பினார்களாம். மாசி மாதத்தில் அப்படி என்ன நடந்தது என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

உள்நோயாளியாகச் சேர்த்தோம். இவ்வளவு குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் ஜன்னி கண்டு உளறலாம், உயிரும் போகலாம். வீட்டில் கட்டிப்போட்டு நிறுத்தவைக்கும் பழக்கம் எங்கள் மலையிலும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசி போட்டார்கள். தயமின் வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பழுதாகலாம். கல்லீரல் பரிசோதனையில் எண்கள் கூடியிருந்ததால், கல்லீரலுக்குச் சுமை குறைந்த அமைதி மருந்தான லோராசெபம் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் தெளிவாக வீட்டுக்குப் போனார்.

நான் எழுதிய படிவம்

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். 'குடும்பத்தில் மனநோய்' என்று ஒன்று, 'குடும்பத்தில் போதைப் பழக்கம்' என்று இன்னொன்று. அம்மாவிடம் கேட்டேன்.

"குடும்பத்துல யாருக்காவது மனநோய் உண்டாம்மா?"

"ஐயோ, அப்படியெல்லாம் எங்க வம்சத்துல கிடையாதும்மா."

"குடிப்பழக்கம்?"

"என் அண்ணன் குடிச்சே செத்தாரு. அவரைப் பார்த்துத்தான் இவனும் கெட்டான்."

முதல் கட்டத்தில் 'இல்லை' என்றும் இரண்டாவதில் 'தாய்மாமன்' என்றும் எழுதினேன். ஐந்து நிமிட வேலை. வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

அன்று இன்னொன்றும் எழுதினேன். "எங்கம்மா டீயில என்னமோ கலக்குது, குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூஞ்சி எரியுது" என்று அவர் சொன்னார். 'சந்தேக எண்ணம் உள்ளது' என்று குறித்துக்கொண்டேன். அம்மா உண்மையாகவே கலந்துகொண்டிருந்தார். குடியை வெறுக்கவைக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை யாரிடமோ வாங்கி, இடித்து, காலை டீயில் போட்டுக் கொடுத்திருக்கிறார். இது எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, இதயம் துடித்து, இரத்த அழுத்தம் விழும். விஷயம் தெரிந்து, சம்மதித்து, கண்காணிப்பில் சாப்பிடுகிறவருக்கு அது உதவுகிற மருந்துதான். தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த மருந்து மூளையில் டோபமின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை நார்எபினெஃப்ரின் என்ற இன்னொன்றாக மாற்றும் நொதியையும் தடுப்பதால், ஏற்கெனவே மனநோய்க்குச் சாய்வு உள்ளவர்களைக் குழப்பநிலைக்குத் தள்ளவும் கூடும். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை செத்துவிடுவானோ என்று பயந்த தாய் செய்த காரியம் அது. உண்மையைச் சொன்ன மனிதரின் பேச்சை நோய் என்று எழுதியதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

குடிக்காமலே

தை மாதம் அவர் சோர்ந்துபோனார். வேலைக்குப் போகவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குக் கீழே போயிருந்தபோது அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள். அவர் எங்கள் அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, 'குடும்பத்தில் மனநோய் இல்லை' என்பதையும் பார்த்துவிட்டு, மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தார். என் கையெழுத்தை நம்பிக் கொடுத்த மருந்து அது.

மாசி பிறந்து பத்தாவது நாள் அறுவடைக் குழு மேஸ்திரி போன் செய்தார். "அம்மா, உங்க பையன் அஞ்சு ராத்திரியா தூங்கலை. மூணு ஆள் மூட்டையை ஒரே ஆளா தூக்குறான். கேரட் கழுவுற மெஷின் மேல ஏறி நின்னு பாடுறான். பழைய பிக்கப் வண்டி ஒண்ணு வாங்குறேன்னு நாப்பதாயிரம் கடன் வாங்கிட்டான். ஆனா ஒண்ணு, சத்தியமா குடிக்கலை. நான் வாயை முகர்ந்தே பார்த்துட்டேன். குடிக்காமலே இப்படி இருக்கான்மா."

'குடிக்காமலே' என்ற அந்தச் சொல்தான் எங்கள் கண்ணைத் திறந்தது. எட்டு வருடமாக அவருடைய ஆட்டம், பாட்டு, கடன், சண்டை, பிறகு ஒரு மாதம் போர்வைக்குள் சுருண்டு கிடப்பது எல்லாவற்றையும் குடியின் கணக்கில்தான் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு மாசியிலும் அவருக்கு முதலில் தூக்கம் போயிருக்கிறது. தலைக்குள் வண்டி ஓடுவதுபோல் இருப்பதை அடக்கத்தான் குடித்திருக்கிறார். "குடிச்சாத்தான் ரெண்டு மணி நேரமாவது கண்ணு மூடும்" என்று பின்னால் சொன்னார்.

அன்று ராத்திரி அக்கா 14416க்குப் போட்டிருக்கிறார். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று பேசினாராம். எதிர்முனையில் தமிழில் பேசியவர் காலையில் கூட்டிவரும்வரை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் மருத்துவர் பார்த்த உடனே மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தினார். இருமுனை மனநிலைக் கோளாறு, பைபோலார் என்று சொல்கிறோமே, அதுதான் நோய் என்று உறுதியானது. மனம் சில காலம் அளவு மீறிப் பொங்கும், சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்துபோகும். அந்தச் சாய்வு உள்ளவருக்கு மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து இல்லாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் அது மேலே தூக்கி எறிந்துவிடலாம். ராத்திரி வேலையில் தூக்கம் கெட்டதும் சேர்ந்துகொண்டது.

காலண்டர் தாள்

அம்மாவை மறுபடி உட்காரவைத்தேன். இந்த முறை படிவத்தை எடுக்கவில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வம்சக் கொடி வரைந்தேன். ஒவ்வொரு உருவத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடப்பாதி குடிக்கு, வலப்பாதி மனநோய்க்கு. 'மனநோய்' என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை.

"ராத்திரி தூங்காம பாடிக்கிட்டோ பேசிக்கிட்டோ இருந்தவங்க யாராவது உண்டா? வீட்டை விட்டுச் சொல்லாம போனவங்க? மாசக்கணக்குல படுத்தே கிடந்தவங்க? காசை வாரி இறைச்சவங்க? தானா உசிர விட்டவங்க?"

அம்மா வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

இந்தக் குடும்பம் தாயகம் திரும்பியவர்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது, அதுதான் பின்னால் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. அம்மாவின் அம்மா, இவர்களுக்கு அம்மாச்சி, நுவரெலியாவில் கொழுந்து எடுத்தவர். வருஷத்துக்கு ஒரு தடவை அவருக்கு 'சாமி வரும்'. திருவிழாவில் பலருக்கும் சாமி வரும், அது அன்றே மலையேறிவிடும். அதை யாரும் நோய் என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. அம்மாச்சிக்கு வந்தது மூன்று வாரம் இறங்கவில்லை. தூக்கம் இல்லை. வீட்டில் இருந்த பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் லயனில் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டார். பிறகு நான்கு மாதம் யாரோடும் பேசவில்லை.

அம்மாவின் தங்கை கூடலூர்ப் பக்கம் வாக்கப்பட்டவர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு படுக்கையை விட்டு எழவில்லை, அந்த வருஷமே தற்கொலை செய்துகொண்டார். "வயித்துவலின்னு சொல்லித்தான் ஊருக்குச் சொன்னோம்" என்றார் அம்மா. அண்ணன் குடித்தார், நாற்பத்தொரு வயதில் ஓடையில் கிடந்தார். வீட்டில் மூத்தவளான இளைஞரின் அக்காவுக்கோ குடி என்றாலே ஆகாது, ஆனால் கூட்டம் கண்டால் நெஞ்சு அடைக்கும். பஸ் ஏறவே பயம்.

அப்பா பக்கத்தில் வெற்றிலை போடுவதைத் தவிர ஒன்றும் இல்லை.

இத்தனையும் 'அப்படியெல்லாம் கிடையாது' என்ற ஒரு வரிக்குள் இருந்திருக்கிறது. அம்மா பொய் சொல்லவில்லை. அவர் அகராதியில் மனநோய் என்றால் தெருவில் கந்தலோடு திரிகிறவர். குடித்துச் செத்தவர் குடிகாரர், பாத்திரத்தைக் கொடுத்தவர் சாமி வந்தவர், படுத்துக் கிடந்தவர் பேறுகாலத்தில் நலிந்தவர். ஒரே கொடியில் காய்த்ததற்கு வெவ்வேறு பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு கட்டம் போட்ட படிவத்தை வைத்துக்கொண்டு நானும் அதையேதான் செய்திருந்தேன்.

மரபு சொல்வது

குடியும் மனநோயும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதைப் பார்த்தால், ஒருவரைப் பார்த்து ஒருவர் கெட்டார் என்றுதான் முதலில் தோன்றும். வளர்ப்பு பாதி உண்மை. மீதியைப் பிரித்துப் பார்க்க 1973இல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு வந்தது. குடிநோய் உள்ள பெற்றோருக்குப் பிறந்து, பிஞ்சிலேயே வேறு வீட்டுக்குத் தத்துப் போன 55 ஆண்களை டொனால்ட் குட்வின் குழுவினர் பார்த்தார்கள். குடிக்கும் பெற்றோரோடு அவர்கள் வளரவே இல்லை. அப்படியிருந்தும் அவர்களில் 18 சதவீதத்தினர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். மற்றப் பெற்றோருக்குப் பிறந்து தத்துப் போனவர்களில் அது 5 சதவீதம்தான். இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், குடிநோய்ச் சாய்வில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி மரபணுக்களால் வருகிறது. பைபோலாரில் அதைவிட அதிகம்.

இரண்டுக்கும் பின்னால் இருக்கும் மரபணுக்கள் தனித்தனியா, ஒன்றா? ஓரளவு ஒன்றுதான் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. பல மனநோய்கள் தங்களுக்குள் மரபுச் சாய்வைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று 2018இல் ஒரு பன்னாட்டுக் குழு காட்டியது. பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களில் அந்தப் பங்கு அவ்வளவாக இல்லை. 2023இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபுத் தகவலைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், மது, புகையிலை, கஞ்சா, அபின் வகையான ஓபியாய்டு என்று எல்லா அடிமைத்தனத்துக்கும் பொதுவான சாய்வோடு தொடர்புள்ள 19 மரபுக் குறிகள் கிடைத்தன. டோபமின் சமிக்ஞையைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் அதில் முன்னால் நின்றன. அதே பொதுச் சாய்வு பல மனநோய்களோடும் கைகோத்திருந்தது.

எனக்கு இதில் மிகவும் பயன்பட்டது இன்னொரு கண்டுபிடிப்பு. ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதற்கும், குடி ஒருவரை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதற்கும் பின்னால் உள்ள மரபணுக்கள் முழுசாக ஒன்றல்ல. மனச்சோர்வு, மனச்சிதைவு போன்றவற்றோடு மரபில் நெருக்கமாக இருப்பது இரண்டாவதுதான். கேரட் குழுவில் இருபது பேர் குடிக்கிறார்கள், அதே குளிர், அதே மூட்டை, அதே குவார்ட்டர். சபரிமலைக்கு மாலை போட்டால் அவர்களில் பலர் ஒரு மண்டலம் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. இவரால் முடியவில்லை. அதை மன உறுதி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மரபுச் சாய்வு என்பது ஒரே ஒரு 'குடி மரபணு' அல்ல. ஆயிரக்கணக்கான சிறு வித்தியாசங்கள், ஒவ்வொன்றும் கடுகளவு. அவை எந்த மண்ணில் விழுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் முளைக்கும். ஃபின்லாந்து இரட்டையர்களிடம் பார்த்தபோது, இளம் வயதுக் குடியில் மரபின் செல்வாக்கு நகரத்தில் கூடுதலாகவும் கிராமத்தில் குறைவாகவும் இருந்தது. கட்டுப்பாடு உள்ள இடத்தில் சாய்வு அடங்கிக் கிடக்கிறது, வாய்ப்பு திறந்த இடத்தில் எழுந்துகொள்கிறது. எங்கள் இளைஞருக்கு ராத்திரி வேலை, உறைபனி, கூலியோடு கூடவே வரும் சரக்கு எல்லாம் சேர்ந்து அந்த மண்ணைத் தயாராக வைத்திருந்தன.

இன்னொன்று. இந்தப் பெரிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரின் இரத்தத்தை வைத்துச் செய்தவை. அதில் கணக்கிட்ட மதிப்பெண்ணை நம் ஆட்களுக்கு அப்படியே பொருத்தினால் சரியாக வராது. எச்சிலை அனுப்பினால் உங்கள் பிள்ளைக்குக் குடிப்பழக்கம் வருமா என்று சொல்கிறோம் என விளம்பரம் செய்கிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ், தேசிய உயிரியல் அறிவியல் மையம் முதலியவை சேர்ந்து, ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் கடும் மனநோய் உள்ள இந்தியக் குடும்பங்களை 2016லிருந்து தொடர்ந்து கவனித்து வருகின்றன. மனச்சிதைவு, பைபோலார், ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓ.சி.டி., மறதிநோய் ஆகியவற்றோடு போதை அடிமைத்தனத்தையும் அதில் சேர்த்தே பார்க்கிறார்கள். அந்தச் சேர்க்கை எனக்கு நிறைவாக இருந்தது.

சட்டமும் சேர்த்துத்தான் பார்க்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே மது, போதைப்பொருளால் வரும் மனநிலைகளையும் அடக்கியிருக்கிறது. நடைமுறையில் குடிக்கு ஒரு வாசல், மனசுக்கு ஒரு வாசல் என்றுதான் இருக்கிறது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் குடிநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும், பைபோலார் உள்ளவர்களில் 70 பேருக்கும் சிகிச்சை எட்டவில்லை. இரண்டும் ஒருவருக்கே இருந்தால் எந்த வாசலில் நிற்பார்?

சிகிச்சை

மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தான வால்ப்ரோயேட் கொடுக்கலாம் என்றால் கல்லீரல் இடம் கொடுக்கவில்லை. அதே வேலையைச் செய்யும் லித்தியம் தொடங்கினார்கள், முதல் சில வாரத்துக்குக் கொந்தளிப்பை அடக்கும் ஓலன்சபைனும் சேர்த்து. வார்டில் பீடி கிடையாது. இவர் நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிக்கிறவர். புகை, ஓலன்சபைனைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்யும். பீடி நின்றதும் அதே அளவு மருந்து இரத்தத்தில் கூடி, ஆள் மத்தியானம்வரை எழவில்லை. மருத்துவர் அளவைக் குறைத்தார். வீட்டுக்குப் போய் மறுபடி பீடி பிடித்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும் என்று அவரிடமே விளக்கினோம்.

லித்தியத்துக்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வாந்தி, பேதி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும். உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. இதெல்லாம் வழக்கமாகச் சொல்வதுதான். மூட்டை தூக்குகிறவர்களிடம் இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் மாத்திரைகள் லித்தியத்தை உடம்பில் தேக்கிவிடும். இவர் சட்டைப் பையில் எப்போதும் அந்த அட்டை இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பாரசிட்டமால் அட்டையை வைத்தோம். மருந்துக் கடைக்காரரிடமும் நான் போய் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

மேஸ்திரி நல்ல மனிதர். ராத்திரி அறுவடையிலிருந்து எடுத்து, பகலில் விதைப்புக்கும் களையெடுப்புக்கும் மாற்றினார். கூலி குறைவு. வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கிறார், அதுவும் அவருக்கு ஒரு மருந்துதான்.

ஐந்தாம் மாதம் குடித்தார். ஒரு கல்யாண வீட்டில் தொடங்கி நான்கு நாள். நானும் மருத்துவரும் பேசி ஒரு முடிவு எடுத்தோம்: குடித்திருந்தாலும் அவர் வரலாம், மருந்து நிற்காது. பழைய இடங்களில் குடித்தால் வெளியே அனுப்பியிருக்கிறார்கள். வெளியே அனுப்பியபோதெல்லாம் பைபோலாருக்கும் சிகிச்சை அற்றுப்போனது. இந்த முறை நான்காம் நாள் அவரே பஸ் ஏறி வந்தார், வாடையோடு. இரத்தம் எடுத்தோம், தயமின் போட்டோம், தூக்கம் எப்படி என்று கேட்டோம். அதற்குப் பிறகு பதினான்கு மாதமாக இரண்டு தடவை சறுக்கியிருக்கிறார், இரண்டும் ஒரு நாளோடு நின்றன. அடுத்து வந்த மாசி தூக்கத்தோடு கடந்தது.

அக்காவுக்கும் சிகிச்சை தொடங்கினோம். தம்பியோடு வந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டது அந்தக் காலண்டர் தாள்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, "என் பசங்களுக்கு வருமா?" பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் பைபோலார், நோய் உள்ளவரின் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், பிள்ளை ஆகியோரில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வரலாம். மருமகப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. அதாவது பெரும்பாலானவர்களுக்கு வராது. வந்தால் எப்படி வரும் என்று இனி வீட்டுக்குத் தெரியும்.

ஒரு நாள் அம்மா தனியாக வந்தார். தாளை எடுக்கச் சொன்னார். தன்னுடைய வட்டத்தில் விரலை வைத்தார்.

"என்னையும் கொஞ்சம் கறுப்படிச்சுருங்கம்மா. இவன் பொறந்து ஆறு மாசம் நான் அழுதுக்கிட்டே இருந்தேன். பால் குடுக்கக்கூடத் தோணலை. யார்கிட்டயும் சொன்னதில்ல."

வலப்பாதியில் கோடு போட்டேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியா இருக்கா?" என்று கேட்டார்.

முறைப்பெண்

இப்போது பேச்சு அடிபடுவது கல்யாணம். ஓடையில் கிடந்த மாமாவின் மகள் இவருக்கு முறைப்பெண். குன்னூரில் தையல் வேலை செய்கிறார். "கட்டலாமா?" என்று இரண்டு வீட்டிலும் கேட்கிறார்கள். சொந்தத்தில் கட்டினால் புதிதாக நோய் பிறந்துவிடாது. ஆனால் இவர் அம்மா வழியாக வாங்கிய சாய்வும், அந்தப் பெண் அப்பா வழியாக வாங்கியிருக்கக்கூடிய சாய்வும் ஒரே அம்மாச்சியிடமிருந்து வந்தவை. இருவருக்கும் பிறக்கும் பிள்ளையிடம் அவை கூடிச் சேர வாய்ப்பு அதிகம். இத்தனை சதவீதம் என்று எண் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். கட்டாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்றேன். லித்தியம் சாப்பிடுகிறவர் என்பதைப் பெண்ணிடம் மறைக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக நின்றேன்.

மறைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. போன மாதம் அந்தப் பெண்ணே வந்தார், தனியாக. கல்யாணத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது அப்பாவைப் பற்றி.

"எங்கப்பாவைக் குடிகாரன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் அப்படித்தான் வரைஞ்சிருக்கீங்கன்னு அத்தை சொன்னாங்க. பார்க்கலாமா?"

காட்டினேன். மாமாவின் சதுரத்தில் இடப்பாதி மட்டும் கறுப்பாக இருந்தது. அம்மா சொன்னதை வைத்து வரைந்தது.

அவர் பன்னிரண்டு வயதில் பார்த்ததைச் சொன்னார். அப்பா சாவதற்கு முந்தின மாதம், நடுராத்திரியில் அரிக்கேன் விளக்கைப் பிடிக்கச் சொல்லி மகளை எழுப்பியிருக்கிறார். எங்கிருந்தோ நீல வண்ணச் சுண்ணாம்பு வாங்கி வந்து, லயனில் உள்ள எட்டு வீட்டுச் சுவருக்கும் அடித்திருக்கிறார். மூன்று ராத்திரி. வேலை செய்தபடியே பேசிக்கொண்டே இருந்தாராம். அந்த மூன்று ராத்திரியும் அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. மேல் சுவரில் அந்த நீலம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம்.

"இந்த மாத்திரையை அப்பாவுக்குக் குடுத்திருந்தா இருந்திருப்பாரா?"

குடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். நான் பேனாவை எடுத்து அந்தச் சதுரத்தின் வலப்பாதியையும் நிரப்பினேன்.